நாகர்கோவிலுக்கு லேஸ் தந்த மார்த்தா மால்ட் அம்மையார்

துணிக்கடைக்குப் போய்ச் சீட்டித்துணி எடுக்கும்போது நாம் என்னென்ன பார்க்கிறோம்? பூ அழகாயிருக்கிறதா, சாயம் போகுமா, விலை கட்டுமா என்று பார்க்கிறோம். அந்தப் பூவை முதன்முதலில் காகிதத்தில் வரைந்தவர் யார் என்று கேட்பதில்லை. கடைக்காரரிடம் கேட்டாலும் அவருக்குத் தெரியாது. சோழமண்டலக் கரையிலிருந்து பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் கப்பல் கப்பலாக ஐரோப்பாவுக்குப் போன சீட்டித்துணிகள் அங்குள்ள சீமாட்டிகளைப் பித்துப் பிடிக்கச் செய்தன. பிரான்சும் இங்கிலாந்தும் தம் நாட்டு நெசவாளரைக் காக்க அவற்றுக்குத் தடை போட வேண்டி வந்தது. அத்தனை புகழ் பெற்ற அந்தக் கொடிகளையும் மலர்களையும் எழுதிய கைகளுள் ஒன்றுக்குக்கூட நமக்குப் பெயர் தெரியாது.

நம் குமரி மாவட்டத்துப் பூவேலைக்கும் இதே கதிதான். மணமகளின் முக்காட்டு ஓரத்திலும், முதல் நன்மை வாங்கும் சிறுமியரின் வெள்ளைக் கவுனிலும், கோவில் பீடத்துணியின் விளிம்பிலும் நாம் காணும் லேஸ் இந்த மண்ணில் தானாக முளைத்ததன்று. நம் பாட்டிமாரில் சிலர் அதை ரேந்தை என்பார்கள். அது இங்கு வந்த வழியைத் தேடிப் போனபோது ஒரு பெயராவது எங்களுக்குக் கிடைத்தது. அதுதான் மார்த்தா மால்ட். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவரல்லர். இலண்டன் மிஷனெரி சங்கத்தின் சீர்திருத்த சபைக்காரர். ஆயினும் அவர் வைத்த பின்னல் நம் வீட்டுப் பெட்டிகளிலும் இருக்கிறது. ஆதலால் அவருடைய வரலாற்றை இம்மலரில் எழுதுகிறோம்.

மார்த்தா 1794-ஆம் ஆண்டு பிறந்தவர். சார்லஸ் மால்ட் என்னும் இளம் மிஷனெரியை மணந்து, அவருடன் கப்பலேறி, 1819-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் நாகர்கோவில் வந்து சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மின்சாரமும் தந்தியும் இரயிலும் இல்லாத காலம் அது. ஊருக்கு ஒரு கடிதம் எழுதினால் பதில் வர ஓர் ஆண்டு ஆனாலும் ஆகும். நம்மில் பலர் விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில் அழுத அழுகையை நினைத்துக்கொண்டால் அந்த அம்மையாரின் நெஞ்சுரம் விளங்கும்.

அந்நாளில் நாஞ்சில்நாடு திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பகுதி. 1806-இல் வந்து மயிலாடியை மையமாகக் கொண்டு உழைத்த ரிங்கல்தௌபே என்னும் ஜெர்மானியர் 1816-இல் உடல் நலிந்து விடைபெற்றார். அவர் விட்ட பணியை 1818-இல் சார்லஸ் மீட் ஏற்றார். ரீஜெண்டு ராணியாகிய கௌரி பார்வதி பாயின் தயவாலும் ரெசிடெண்டு மன்றோவின் உதவியாலும் நாகர்கோவிலில் மிஷனுக்கு இடம் கிடைத்தது. இந்த ராணிதான் 1817-இல் குடிகளின் கல்விச் செலவை அரசே ஏற்க வேண்டும் என்று கட்டளையிட்டவர். இந்தியாவில் அப்படி ஆணையிட்ட அரசுகள் அப்போது மிகச் சில. 1819-ஆம் ஆண்டின் முதல் நாளில் ஹோம் சர்ச் என்று நாம் அறியும் பெரிய கோவிலுக்கு மீட் அடிக்கல் நாட்டினார். அவ்வாண்டு முடிவதற்குள் மால்ட் தம்பதியர் வந்தார்கள்.

ஆண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைப்பது கடினமாயிருக்கவில்லை. கணக்குப்பிள்ளை வேலைக்காவது படிப்பு உதவும் என்று பெற்றோர் அனுப்பினார்கள். பெண்பிள்ளைகளை அனுப்பு என்றால் சிரித்தார்கள். பனையேறும் குடும்பத்தில் பெண்ணுக்கு விடியுமுன்னே வேலை தொடங்கிவிடும்: பதனீர் காய்ச்ச வேண்டும், விறகு பொறுக்க வேண்டும், கைக்குழந்தையைத் தூக்க வேண்டும். அவள் ஏடு பிடித்தால் அடுப்பை யார் பார்ப்பது? மார்த்தா அம்மையாரும் மீட் ஐயரின் மனைவியார் ஜோஹன்னா அம்மையாரும் வீடு வீடாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் பெண்பிள்ளைகளைத் தங்களிடமே தங்க வைத்து, உணவும் உடையும் கொடுத்துப் படிப்பிக்கத் துணிந்தார்கள். தஞ்சாவூரில் பிறந்து வளர்ந்த ஜோஹன்னா அம்மையாருக்கு இந்நாட்டு வழக்கம் தெரிந்திருந்தது பெரிய உதவி. இன்று நாகர்கோவிலில் டதி பள்ளி என்று நாம் அறியும் பெண்கள் பள்ளியின் வேர் அந்த விடுதியில் இருக்கிறது.

விடுதி என்றால் செலவு உண்டு. சங்கம் மிஷனெரிக்குச் சம்பளம் கொடுத்தது. மிஷனெரியின் மனைவிக்குக் கொடுக்கவில்லை. அவர் பள்ளி நடத்தினாலும், நோயாளியைப் பார்த்தாலும், கணக்கு எழுதினாலும் அது கணவருக்குச் செய்யும் துணையாகவே எண்ணப்பட்டது. அறிக்கைகளில் அவர் பெயர் வந்தால் திருமதி மால்ட் என்று மட்டும் வரும். பிள்ளைகளின் சோற்றுக்கும் துணிக்கும் அம்மையார் வேறு வழி தேட வேண்டியதாயிற்று. அவர் கண்ட வழிதான் லேஸ். 1821-ஆம் ஆண்டு வாக்கில் அவர் பள்ளியில் நூற்பு, தையல், பின்னல் இவற்றோடு லேஸ் வேலையும் தொடங்கியது.

லேஸ் எப்படிச் செய்யப்படுகிறது என்று இங்கே சற்று விரிவாகச் சொல்லவேண்டும். கடையில் இயந்திர லேஸை முழக்கணக்கில் வாங்கிப் பழகிய நமக்கு இது தெரிய வழியில்லை. இறுக்கமாகத் திணித்த ஒரு திண்டு வேண்டும். அதன்மேல் மாதிரி எழுதிய தடித்த அட்டையை வைப்பார்கள். அந்த அட்டை முழுவதும் ஊசித் துளைகள் இருக்கும். நூல் சுற்றிய சிறு மரக்குச்சிகள் ஜோடி ஜோடியாகத் திண்டின்மேல் தொங்கும். சிறிய வேலைக்குப் பத்துப் பதினைந்து ஜோடி போதும். அகலமான வேலைக்கு நூறு ஜோடிகூட வேண்டும். எத்தனை குச்சி இருந்தாலும் கைக்குத் தெரிந்த அசைவு இரண்டே: ஒன்று குறுக்கே போடுவது, மற்றது முறுக்குவது. இந்த இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்து, நூல்கள் சந்திக்கும் இடத்தில் அட்டையின் துளைவழியே ஒரு குண்டூசியைக் குத்தி நிறுத்த வேண்டும். பின்னல் இறுகியபின் ஊசிகளைப் பிடுங்கினால் துணியே இல்லாத இடத்தில் நூலால் ஆன பூ நிற்கும்! நுண்ணிய வேலையில் ஒரு விரற்கடை நீளத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். வெள்ளை நூல் ஆகையால் கையில் அழுக்கோ வியர்வையோ இருக்கக் கூடாது. ஓர் ஊசி இடம் மாறினால் அதற்குப் பின் வருவதெல்லாம் பிசகும்.

எல்லாவற்றுக்கும் மூலம் அந்த அட்டைதான். சீட்டித்துணிக்கு மரக்கட்டை அச்சு எப்படியோ, லேஸுக்குத் துளையிட்ட அட்டை அப்படி. துணியில் பூவை அச்சிடுகிறவர் தாம் நினைத்த கோட்டை நினைத்தபடி இழுக்கலாம். லேஸுக்கு மாதிரி எழுதுகிறவருக்கு அந்தச் சுதந்திரம் இல்லை. ஒவ்வொரு நூலும் எங்கே நுழைந்து எங்கே வெளிவரும், இலை முடிந்தபின் அந்த நூல் எங்கே போய் ஒளியும், மூலை திரும்பும்போது என்ன ஆகும் என்பதெல்லாம் தெரிந்தவரே எழுத முடியும். பழைய அட்டையின்கீழ்ப் புது அட்டையை வைத்துத் துளைவழியே குத்தினால் படி கிடைக்கும். படியிலிருந்து படி, அதிலிருந்து மற்றொரு படி என்று போகப்போகத் துளைகள் மயிரளவு விலகும். இப்படி நாலு கை மாறினால் ஒரு நாட்டுப் பூவில் இன்னொரு நாட்டுச் சாயல் வந்துவிடுகிறது. இது எங்கள் தையல் வகுப்பில் நாங்களே கண்டது. கோல மாதிரியைப் பார்த்துப் பார்த்து எழுதினோம். ஐந்தாவது பிரதியில் அன்னம் வாத்தாகிவிட்டது.

இங்கிலாந்தில் அந்த வேளையில் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ஹீத்கோட் என்பவர் 1809-இல் லேஸ் வலை பின்னும் இயந்திரத்துக்கு உரிமை பெற்றார். கைத்தொழிலாளர் வயிற்றெரிச்சல் தாங்காமல் 1816-இல் லஃப்பரோ நகரில் இருந்த அவருடைய ஆலைக்குள் புகுந்து இயந்திரங்களை நொறுக்கினார்கள். அவர் ஆலையை டிவர்ட்டன் நகருக்கு மாற்றிக்கொண்டார். கையால் பின்னும் பெண்களின் கூலி ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. அதாவது, எந்தத் தொழில் அங்கே நலியத் தொடங்கியதோ அதையே மார்த்தா அம்மையார் இங்கே நட்டார். அது பிழைத்ததற்குக் காரணம் உண்டு. இயந்திரம் மலிவான வலையைத் தந்தாலும் கைவேலையின் மதிப்புப் பணக்காரர்களிடம் மறையவில்லை. 1840-இல் விக்டோரியா மகாராணியார் தம் திருமணத்துக்குக் கைவேலை ஹானிட்டன் லேஸையே அணிந்தார். இந்தியாவில் இருந்த ஐரோப்பியச் சீமாட்டிகளுக்கும் அதே ஆசை. அவர்கள் நாகர்கோவில் லேஸை வாங்கினார்கள். அந்தப் பணம் பள்ளிக்கும் பின்னிய கைகளுக்கும் வந்தது.

அந்தக் கைகள் யாருடையவை? இதுதான் இவ்வரலாற்றில் எங்கள் மனத்தை உலுக்கிய இடம். திருவிதாங்கூரில் அப்போது அடிமை முறை இருந்தது. வயலோடு சேர்த்து வயலில் உழைக்கும் மனிதரையும் விற்றார்கள், அடகு வைத்தார்கள், வாரத்துக்கு விட்டார்கள். தாய் அடிமையானால் பிள்ளையும் அடிமை. மார்த்தா அம்மையாரின் பள்ளியில் சேர்ந்த பெண்பிள்ளைகளில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். பள்ளியில் இருக்கும் வரை அவள் மாணவி. எஜமானர் ஆள் அனுப்பினால் அவள் அவருடைய உடைமை. அவளை மீட்க ஒரே வழி எஜமானர் கேட்கும் விலையைக் கொடுப்பது. அந்த விலையைச் சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்தார்கள். அறுவடைக் களத்தில் நெல்லாகக் கூலி வாங்கும் வழக்கத்தில், அதிலும் அடிமைக்கு அரைவயிற்றுக் கூலி மட்டுமே கிடைக்கும் நிலையில், ஒரு பெண் தன் கைவேலைக்குக் காசாகப் பணம் வாங்கினாள். அந்தக் காசைச் சேர்த்துத் தன்னைத் தானே விலைக்கு வாங்கினாள்! திருவிதாங்கூர் அரசு அடிமை முறையை முழுதாக ஒழித்தது 1855-ஆம் ஆண்டில். அதற்கு முன்பே, சட்டம் வரும்வரை காத்திராமல், சில பெண்கள் நூல்வழியே வெளியேறிவிட்டார்கள். அவர்களுடைய பெயர்களை எழுத ஆசைப்பட்டோம். சீட்டித்துணி எழுதினவர்களைப் போலவே அவர்களும் பெயரில்லாதவர்கள்.

இன்னொரு கொடுமையையும் சொல்லாமல் விட முடியாது. இந்தப் பெண்கள் பின்னிய லேஸ் சீமாட்டிகளின் கழுத்தையும் தோளையும் அழகு செய்தது. பின்னியவர்களுக்கோ தங்கள் தோளை மூட உரிமையில்லை. தாழ்ந்த சாதியார் எனப்பட்ட பெண்கள் இடைக்கு மேல் துணி அணியக் கூடாது என்பது அந்நாளைய கட்டுப்பாடு. மிஷனெரிகளின் மனைவியர் கிறிஸ்தவப் பெண்களுக்கென்று தளர்ந்த ஒரு சட்டையைத் தைக்கக் கற்றுக்கொடுத்தார்கள். குப்பாயம் என்று அதற்குப் பெயர். இன்றைய கண்ணுக்கு அது மிகச் சாதாரணமான உடை, பூவில்லை, கரையில்லை. அதை அணிந்து சந்தைக்குப் போன பெண்கள் அடிபட்டார்கள், சட்டை கிழிக்கப்பட்டது. கல்குளம் பகுதியில் 1822-இல் தொடங்கிய கலகம் அலையலையாக எழுந்தது. கோவில்களும் பள்ளிகளும் தீக்கிரையாயின. 1829-இல் வந்த அரசாணை கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம், உயர்சாதியாரைப் போல மேல்துணி போடக் கூடாது என்றது. 1859-இல் வந்த பிரகடனம் நாடார் பெண்கள் அனைவரும் மார்பை மறைக்க வழிவிட்டது; அப்போதும் உயர்சாதிப் பெண்களைப் போல அணியக் கூடாது என்ற நிபந்தனை நீங்கவில்லை. தைக்கக் கற்றுக்கொடுப்பது அம்மையாருக்கு வெறும் பொழுதுபோக்கு வகுப்பாயிருக்கவில்லை. ஒரு சட்டைக்கு மாதிரி வெட்டிக் கொடுப்பதே அரசாங்கம்வரை போகும் வழக்காயிற்று.

அம்மையாரின் பணியில் எங்களுக்கு ஒரு மனக்குறையும் உண்டு, மறைப்பானேன்? விடுதிப் பெண்களுக்குக் கற்பித்தவை நல்ல மனைவிக்கும் நல்ல தாய்க்கும் வேண்டியவை என்று அக்காலம் எண்ணியவை. எழுத்து, வேதம், ஊசி, நூல் இவற்றோடு படிப்பு நின்றது. ஆண்பிள்ளைகளின் செமினரிக்கு இருந்த பாடங்கள் இவர்களுக்கு இல்லை. லேஸ் வேலை கண்ணைக் கெடுப்பது என்பதும் உண்மை. ஆயினும் இந்தக் குறைகளைச் சொல்லும் எழுத்தறிவு நமக்கு வந்த பாதையில் அந்த விடுதியும் ஒரு மைல்கல் என்பதை மறுக்க முடியவில்லை. இருநூறு ஆண்டுகளுக்கு அப்பால் நின்று குறை சொல்வது எளிது.

1828-ஆம் ஆண்டளவில் மீட் தம்பதியர் நெய்யூருக்குக் குடியேறி அங்கே பணியைத் தொடர, நாகர்கோவில் பொறுப்பு மால்ட் தம்பதியர் கையில் இருந்தது. 1822-இல் நாகர்கோவிலிலேயே பிறந்த அவர்கள் மகள் எலைசா, தமிழைத் தாய்மொழிபோல் பேசி வளர்ந்தார். ஆயாக்களிடமும் விடுதிப் பிள்ளைகளிடமும் கற்ற தமிழ் அது. அவர் 1844-இல் இராபர்ட் கால்டுவெல்லை மணந்து திருநெல்வேலிச் சீமையின் இடையன்குடிக்குப் போனார். கால்டுவெல் ஐயர் 1856-இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். அவர் பெயரைப் பாடநூலில் நாமெல்லாரும் படிக்கிறோம். எலைசா அம்மையாரின் பெயர் பாடநூலில் இல்லை. அவர் தாய்வீட்டிலிருந்து கொண்டுபோன சீதனத்தில் லேஸ் பின்னலும் ஒன்று. இடையன்குடித் தேரிக் காட்டில், மணல் பறக்கும் அந்த ஊரில், பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி வைத்து அம்மா கற்பித்ததையே அவரும் கற்பித்தார். நாகர்கோவில் லேஸும் இடையன்குடி லேஸும் தாயும் மகளும் போல என்றால் அது உவமையன்று, நடந்த செய்தி.

நம் கத்தோலிக்கப் பக்கத்திலும் ஒரு செய்தி உண்டு. மார்த்தா அம்மையார் வந்து ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்குப் பின், 1897-ஆம் ஆண்டு நவம்பர் 7-ஆம் நாள், லேஸுக்குப் பேர்போன பெல்ஜியம் நாட்டிலிருந்து அன்னை மேரி லூயிஸ் தெ மேஸ்தர் முளகுமூட்டில் வந்திறங்கினார். ஆதரவற்ற பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்ற அழைப்புக்கு இணங்கி, கூட ஒரே ஒரு இளம் துறவியுடன் வந்தவர் அவர். அவர் வழிவந்த சபையார் இன்று ஐ.சி.எம். சகோதரிகள் என்று பல நாடுகளில் இருக்கிறார்கள். அச்சகோதரிகளின் பிள்ளைகளும் எழுத்தோடு ஊசி பிடிக்கக் கற்றார்கள். அன்னையின் வாழ்வு தனிக் கட்டுரைக்கு உரியது. அடுத்த மலரில் எழுத எண்ணம்.

மார்த்தா அம்மையார் முப்பத்தைந்து ஆண்டுகள் அளவு நாகர்கோவிலில் வாழ்ந்தார். 1850-களின் நடுவில், முதுமையும் நோயும் நெருக்க, கணவரோடு தாய்நாடு திரும்பினார். வந்தபோது இருபத்தைந்து வயது, போகும்போது அறுபது. வாழ்நாளின் பெரும்பகுதியை இந்த மண்ணில் கழித்தவருக்கு அந்த ஊர்தான் அந்நிய ஊராகத் தோன்றியிருக்கும் என்று எங்களுக்கு ஓர் எண்ணம். 1858-இல் கணவரை இழந்தார். 1859-ஆம் ஆண்டின் பிரகடனச் செய்தி போனபோது அவர் உயிரோடிருந்தார். 1870-இல் கண்மூடினார்.

அவர் போனபின்பும் லேஸ் நிற்கவில்லை. அவருக்குப் பின் வந்த மிஷனெரிப் பெண்கள் அதைத் தொடர்ந்தார்கள். வேலை வீடுகளுக்கும் பரவியது. பள்ளியில் கற்ற பெண் மணமாகிப் போன ஊரிலும் திண்டையும் குச்சிகளையும் எடுத்துப்போனாள். பிள்ளை தூங்கும் நேரத்தில் திண்ணையில் அமர்ந்து பின்னினாள். அவள் மகள் பக்கத்தில் உட்கார்ந்து குச்சிகளை எண்ணிக் கொடுத்தாள். உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் துளைத்துளையாக ஓர் அட்டை கிடந்தால், பூச்சி அரித்தது என்று எண்ணி அடுப்பில் போட்டுவிடாதீர்கள் தோழியரே. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், எங்களுக்கும் காட்டுங்கள்.